மூன்றாம் எண் உறைபெட்டி

கதவில் ஒட்டிய பொறுப்புத் தாளில்
முதல் பெயர் சீம்.
சீம் மார்ச்சிலேயே போய்விட்டான்,
ஆன்ட்வெர்ப்பில் ஏதோ மருந்துக் கம்பெனிக்கு.
அவன் பெயரை அடிக்க வேண்டியது என் வேலை.
அது என் வேலை என்பதும் ஒரு தாளில் இருந்தது.
அந்தத் தாள் எங்கே என்பதுதான் தெரியவில்லை.

ஜனவரி. தார்த்துவில் மைனஸ் பத்தொன்பது.
ஆறு உறைந்து, பாலத்துக் கம்பி உறைந்து,
ஊரே உறைந்து கிடந்த இரவில்
உறைபெட்டி மட்டும் இளகத் தொடங்கியது.
உள்ளே பெய்ப்சி ஏரியின் அடிச்சேறு,
பதினோரு வருடத்துச் சேறு,
சுண்டுவிரல் குப்பிகளில்
தேதி கட்டிக்கொண்டு தூங்கியது.

மூன்று பத்துக்குச் சிவப்பு விளக்கைப் பார்த்த
காவலர் வெல்லோ
தாளை நம்பினார்.
முதலில் சீம். அந்த எண் இப்போது யாரிடமும் இல்லை.
அடுத்து நான்.

இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.
மணி அடித்தது. பார்த்தேன்.
'காவல் அறை' என்றது திரை.
போன வாரமே இரண்டு தடவை வீணாக எழுப்பியிருந்தார்கள்,
யாரோ கதவைச் சரியாகச் சாத்தாமல்.
கெர்த் தலையில் அதைக் கட்டியிருந்தோம்;
முதுகலை முதல் வருடம், எதிர்த்துப் பேசமாட்டாள்.
கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.
மெத்தையில் நான்கு முறை அதிர்ந்தது,
பிறகு பெருந்தன்மையாக விட்டுவிட்டது.

மூன்றாவது, பேராசிரியர் உர்வே கல்லஸ்தே.
பிரஸ்ஸல்ஸில் ஒரு விடுதியில்,
விடிந்தால் நிதிக்குழு முன் பேச வேண்டும்,
எங்கள் ஏழு பேர் சம்பளமும் அவர் தொண்டையில்.
அவர் எடுக்காததில் நியாயம் இருந்தது.
நான் எடுக்காததில் கதகதப்பு.

நான்காவது பெயர் அச்சில் இல்லை.
பென்சிலில், எப்போதோ, யாரோ:
ஹெல்யு.

ஹெல்யு ரன்னாப், ஆய்வக உதவியாளர்,
முக்கால் நேரப் பணி.
குப்பி கழுவுவாள், கையுறை தருவிப்பாள்,
எந்தப் பிப்பெட் பொய் சொல்லும் என்று அவளுக்குத் தெரியும்.
ஒப்பந்தத்தில் இரவு என்ற சொல் இல்லை.
பஸ் ஓடாத நேரம்.
மகனின் தள்ளுசறுக்கு வண்டியில்
பனிமேல் உதைத்து உதைத்து வந்திருக்கிறாள்,
வெல்லோ சொன்னார், இமையெல்லாம் வெள்ளையாக.

இரண்டாம் எண் பெட்டியில் பாதிக்குத்தான் இடம்.
எதைக் காப்பது, எதை விடுவது?
எங்களில் முனைவர்கள் மூவர். கேட்க ஒருவரும் இல்லை.
அவள் பழையதிலிருந்து தொடங்கினாள்.
மறுநாள் காரணம் கேட்டபோது
கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:
"போன கோடையின் சேற்றை மறுபடி தோண்டலாம்.
பதினோரு வருடத்துக்கு முந்தின ஏரிக்கு
எந்தப் படகில் போவீர்கள்?"

என் மேசையில் அவள் கையெழுத்து:
'முப்பத்திரண்டு குப்பி இளகிவிட்டது.
எல்லாம் உன்னுடையவை.
மன்னித்துவிடு.'

மன்னித்துவிடு.
அந்தச் சொல்லை நான்கு நாள் பையில் வைத்திருந்தேன்.

வசந்தத்தில் கட்டுரை முடிந்தது.
பத்திரிகையின் படிவம் கேட்டது,
யார் என்ன செய்தார்கள் என்று:
கருத்து, நிதி, மேற்பார்வை, பகுப்பாய்வு, எழுத்து.
இரவுக்குக் கட்டம் இல்லை.
மூன்றாவது ஆசிரியராக ஹெல்யுவைச் சேர்த்தேன்.
"இவர் பங்கு?" என்றார் உர்வே, கண்ணாடிக்கு மேலாக.
"மாதிரிகளைத் தேர்ந்தெடுத்தல்" என்றேன்.
அது எப்படி என்று அவர் கேட்க,
மணி அடித்ததைச் சொல்லவேண்டி வந்தது,
மெத்தை அதிர்ந்ததையும்.
வெகுநேரம் பேசாமலிருந்தார்.
பிறகு தன் கைபேசியை எடுத்து
அந்த இரவின் தவறிய அழைப்பைக் காட்டினார்.
"நானும் பார்த்தேன்" என்றார்.

புதுத் தாள் ஒட்டியாயிற்று.
முதல் பெயர் என்னுடையது.
பென்சில் பெயரை எடுத்துவிட்டேன்,
இரவு அவள் வேலை அல்ல.

நேற்று இரண்டரைக்கு வெல்லோ அழைத்தார்.
செருப்போடு ஓடினேன்.
கம்ப்ரெசர் நன்றாகத்தான் இருந்தது.
கதவு சாத்தவில்லை, அவ்வளவுதான்.
கடைசியாகத் திறந்தவர் பெயரைப் பதிவேட்டில் தேடினேன்.
கெர்த் இல்லை.
நான்.